சேவல் போட்ட டீ-சர்ட்

எம்மா, அதை மடிச்சு உள்ள வையி. கையை விட்டுப் பாத்தேன், விரல் அஞ்சும் வெளிய தெரியுது. இதெல்லாம் ஒரு துணியா? எனக்கு நல்ல கனமான துணி வேணும். துவைச்சா சுருங்கக்கூடாது, சாயம் போகக்கூடாது, கழுத்து தொளதொளன்னு தொங்கக்கூடாது. முக்கியமா படம் உரியக்கூடாது. பத்து வருஷம் கழிச்சு அவன் அதைக் கிழிச்சு சைக்கிள் துடைக்கப் போட்டாலும் படம் அப்படியே முழிச்சுப் பாக்கணும்.

ஆமா, பரிசுதான். கிறிஸ்மஸுக்கு. யாருக்கா? எனக்கு வேண்டியவனுக்கு. வேண்டியவனா இருந்தவனுக்கு.

இதைக் காட்டு. ம்ம், இது துணி. எங்கேருந்து வருது, திருப்பூரா? கழுத்துல பட்டை நல்லா கெட்டியா இருக்கு. தையலும் ரெட்டைத் தையல். இதுல என்ன படம், சிங்கமா? சிங்கம் வேண்டாம்மா, எங்க கோயில்ல வாலிபப் பயலுவ பூரா சிங்கத்தைத்தான் போட்டுக்கிட்டு அலையுதானுவ. ஒருத்தனுக்கும் காலையில எந்திரிக்கத் துப்பில்ல, நெஞ்சுல சிங்கம். புறாவா? புறாவைக் கண்ணுலயே காட்டாத. புறான்னா சமாதானம்லா. எனக்கும் அவனுக்கும் என்ன சமாதானம்?

நீங்களே படம் அடிச்சுக் குடுப்பீங்கன்னு வெளிய போர்டு போட்டிருக்கே, அதுக்குத்தான் வந்தேன். வெறும் துணியா அந்தக் கருநீலத்தை எடு. நெஞ்சுல பெருசா ஒரு சேவல் அடிக்கணும்.

சேவல்தாம்மா. ஏன் அப்படிப் பாக்கே? கம்ப்யூட்டர்ல தேடு. அய்ய, இது பிராய்லர் கோழில்லா, கடை நோட்டீஸ்ல வரும் பாரு, அது. எனக்கு நாட்டுச் சேவல் வேணும். கொண்டை செக்கச்செவேல்னு நிக்கணும். வாயைத் திறந்து கூவணும். இந்தா, இதுதான்! இந்தக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது பாரு, இதையே அடி. கீழ ஒரு சின்னச் சிலுவை போட்டுரு. இல்லேன்னா கறிக்கடை பனியன்னு நினைச்சிருவாவ.

எவ்வளவு நேரமாகும்? முக்கால் மணியா? சரி, இந்த ஸ்டூல்ல உக்காருதேன். வெளிய வெயிலு மண்டையைப் பிளக்குது, டிசம்பர் மாசம்னு பேரு.

நீ வேதக்காரப் பிள்ளையா? இல்லையா. அப்ப உனக்குச் சேவல் விவரம் தெரிய நியாயமில்ல. சொல்லுதேன் கேளு. இயேசுசாமியைப் பிடிச்சுக் கொண்டு போயிட்டாவ. கூடவே கிடந்த சீஷரு ஒருத்தர், உசுரையும் குடுப்பேன்னு வாய் கிழியப் பேசினவரு, வெளி முற்றத்துல குளிர் காஞ்சுக்கிட்டு நிக்காரு. நீயும் அவரு ஆளுதானேன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தரா கேக்காவ. எனக்கு அவரைத் தெரியவே தெரியாதுங்காரு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணாவது தடவை சொல்லி வாயை மூடல, சேவல் கூவிருச்சு. சேவல் கூவுமுன்ன நீ என்னை மூணு தடவை தெரியாதும்பேன்னு சாமி முன்னமே அவர்ட்டச் சொல்லியிருந்தாவ. சாமி அங்கன இருந்து திரும்பி அவரைப் பாத்தாவ. அம்புட்டுத்தான், மனுஷன் வெளிய போயி விக்கி விக்கி அழுதாரு. எங்க ஆளுங்க எவனுக்கும் சேவல் படத்தைக் காட்டினா போதும், என்ன சங்கதின்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிரும்.

இப்பப் புரியுதா, ஏன் சேவல்னு?

அவன் பேரு தேவதிரவியம். தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். நான் தவசிங், ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்தவன். முப்பத்தோரு வருஷம் பாடகர் குழுவுல பக்கத்துல பக்கத்துல நின்னு பாடியிருக்கோம். ரெண்டு பேரும் அடிக்குரல். பேஸ்னு சொல்லுவாவ. அவன் லேசா முனங்கி எடுத்துக் குடுப்பான், நான் பிடிச்சுக்கிடுவேன். யாருக்கும் தெரியாது. அவன் பக்கத்துல இல்லேன்னா எனக்குச் சுதி நிக்காது, அதை விடு, அது வேற விஷயம்.

ஆணி அடிச்ச மாதிரி பக்கத்துலயே இருந்தவன் என்னைக் கமிட்டியில வச்சு, அத்தனை பேருக்கு முன்னால, மூணு தடவை தெரியாதுன்னு சொன்னான். மூணு தடவை! நானே எண்ணினேன்.

என்ன தெரியாதுன்னா? சொல்லுதேன். போன வருஷம் எங்க கோயிலுக்குப் புது ஐயரு வந்தாவ. ஐயர்னா பாதிரியாரு, எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். அவுக சம்சாரம் ஐயரம்மா. சின்ன வயசு. வந்ததும் டிரம்ஸ் வந்துது, கீபோர்டு வந்துது. நாலு குரல்ல பாடினது போயி எல்லாரும் ஒரே குரல்ல காட்டுக்கத்தல். அதுகூடப் பரவாயில்ல. ஒருநா பிராக்டிஸ்ல என்னைப் பாத்து, ‘சார், நீங்க மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னு பாடுங்க’ன்னாவ. என்னை! பொடிப்பயலுவளுக்கு முன்னால! முப்பத்தோரு வருஷம் பாடினவன் தள்ளி நிக்கணுமாம்.

அடுத்த மாசம் பிஷப்புக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போச்சு. ஐயரு பிரசங்கம் கடிகாரத்தைப் பாக்காம நீளுது, பாட்டு சினிமாக் கச்சேரி மாதிரி இருக்கு, ஐயரம்மா கோயில் மொட்டை மாடியில வத்தல் காயப் போடுதாவ, இப்படி ரெண்டு பக்கம்.

சிரிக்காதம்மா. வத்தல் போட்டது நிசந்தான். ஒரே ஒரு தடவை போட்டாவ. ஒரு தடவைன்னாலும் போட்டது போட்டதுதானே?

யாரு எழுதினதா? அது இப்ப எதுக்கு? நீ படத்தைக் கவனி, கொண்டை கோணலா இருக்கு.

சரி, நீ எங்க ஆளு இல்ல, உன்ட்டச் சொன்னா என்ன. நான்தான் எழுதினேன். உள்ளதைத்தானே எழுதினேன்? பேரு போடல, அம்புட்டுத்தான். பேரு போட்டா நாளைக்குக் கோயில்ல நிக்க முடியுமா? அனுப்புறதுக்கு முன்னால திரவியம் வீட்டுக்குப் போயி வாசிச்சுக் காமிச்சேன். அவன் கேட்டான். கேட்டுட்டு, ‘மாஸ்டர், இதைக் கிழிச்சுப் போடும்’ன்னான். பயந்தாங்கொள்ளி. தாலுகா ஆபீஸ் புத்தி எங்க போகும்? நான் நேரா தபால் பெட்டியில கொண்டு போட்டேன்.

அதுல ஒரு சின்னச் சறுக்கல். எனக்குப் பென்ஷன் இழுத்தடிச்சப்போ திரவியந்தான் உக்காந்து மனு எழுதப் பழக்கிக் குடுத்தான். மேல ‘பொருள்’னு போட்டு ஒரு வரி, ‘பார்வை’ன்னு போட்டு ஒரு வரி, அப்புறம்தான் விஷயம். பெரிய இடத்துக்கு எழுதினா அப்படித்தான் எழுதணும்னு என் மண்டையில ஏறிருச்சு. பிஷப்புக்கும் அப்படியே எழுதிட்டேன். பொருள், திருச்சபை ஒழுங்கீனம் தொடர்பாக. பார்வை, வத்தல்.

பிஷப் அதை ஐயருக்கே திருப்பி அனுப்பிட்டாவ. ஐயரு கமிட்டியைக் கூட்டினாவ. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட, ஐயரு அங்கி மாத்துற வெஸ்டரி ரூம்ல. கடுதாசியை மேசை மேல விரிச்சு வச்சாவ. பொருளையும் பார்வையையும் பாத்ததும் எல்லாக் கண்ணும் திரவியம் மேல போச்சு. எங்க கோயில்ல அப்படி எழுதுறவன் அவன் ஒருத்தன்தான்.

‘நீங்க எழுதினதா?’ன்னு ஐயரு கேட்டாவ. இல்லன்னான். ‘அப்ப யாருன்னு தெரியுமா?’ன்னாவ. தெரியாதுன்னான். செகரெட்டரி கேட்டான். தெரியாதுன்னான். ஐயரு மறுபடியும் மெதுவா, ‘அண்ணாச்சி, தெரிஞ்சிருந்தா சொல்லிருங்க, இல்லேன்னா பழி உங்க மேலதான் விழும்’னாவ. கேட்டியா? அப்பவும் தெரியாதுன்னான்.

நான் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கேம்மா! முழங்கை இடிக்கிற தூரம்! ‘தவசிங் இப்படியெல்லாம் எழுதுற ஆளு இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொன்னா இவன் வாயில இருந்து முத்தா உதிர்ந்திரும்? அப்படிச் சொல்லிருந்தா எனக்கு எவ்வளவு தைரியமா இருந்திருக்கும்!

என்ன? யாரும் என்னைப் பத்திக் கேக்கலியே? கேக்கலதான். கேக்காட்டி என்ன, கூட்டாளின்னா சொல்லணும்லா?

அதுகூடப் போகட்டும். மூணாவது தடவை தெரியாதுன்னு சொல்லும்போது என்னைத் திரும்பிப் பாத்தான். சும்மா பாத்தான். யாராவது கவனிச்சிருந்தா என் கதி என்னாவும்? காட்டிக் குடுக்கப் பாத்தாம்மா அவன். அந்தப் பார்வை இன்னைக்கும் இங்கன நெஞ்சுல நிக்குது. அஞ்சு மாசமாச்சு, அவன் தெருப் பக்கம் நான் போகல. அவன் எதிர்ல வந்தா இந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன். அந்தப் பார்வைக்குத்தாம்மா இந்தச் சேவல்.

அப்புறம் என்ன, அவனைப் பாடகர் குழுவுல இருந்து நிப்பாட்டிட்டாவ. எழுதினது யாருன்னு தெரியுற வரைக்கும் அவன் பேரு லிஸ்ட்ல வராதுன்னு ஐயரு சொல்லிட்டாவ. பின்வரிசையில தூண் பக்கத்துல உக்காந்திருக்கான். பாட்டு வந்தா எந்திரிச்சு நிக்கான், வாயைத் திறக்க மாட்டேங்கான்.

அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் ஐயரு என்னை வாசல்ல நிப்பாட்டி, ‘சார், நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுமண்ணா இருக்கிறவங்க, இது அவரு வேலையா?’ன்னு கேட்டாவ. நான் என்ன சொல்ல முடியும்? ‘எனக்கும் அவனுக்கும் பாட்டுப் பழக்கம்தான் ஐயா, அவனைப் பத்தி வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது’ன்னுட்டேன். அதுதானே மரியாதை. ஒருத்தனைப் பத்தி நாம எதுக்குப் பொல்லாப்புச் சொல்லணும்?

இப்பத் திட்டத்தைக் கேளு. எங்க ஆண்கள் சங்கத்துல வருஷா வருஷம் கிறிஸ்மஸ் ஃப்ரெண்டு சீட்டு எடுப்போம். யாரு பேரு நமக்கு வருதோ அவனுக்கு ரகசியமா பரிசு வாங்கணும். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஹால்ல வச்சுக் குடுப்பாவ. பொண்டாட்டி பிள்ளைகுட்டி எல்லாம் வந்து உக்காந்திருக்கும். மேடையில ஏறி எல்லாருக்கும் முன்னால பிரிக்கணும். துணிமணின்னா அங்கனயே போட்டுக் காமிக்கணும், அது எங்க சட்டம். அதோட நிக்காது. யாரு குடுத்ததுன்னு மூணு தடவை கேப்பாவ, கண்டுபிடிச்சுச் சொல்லணும். எனக்கு வேற எவன் பேரோ வந்துது. நான் செகரெட்டரி மச்சானைப் பிடிச்சு, திரவியம் பேரு இருந்த சீட்டை மாத்தி வாங்கிட்டேன். எதுக்குத் தெரியுமா? இருநூறு பேருக்கு முன்னால, நெஞ்சுல சேவலோட அவன் நிக்கணும். அவன் மக, மருமகன், பேத்தி எல்லாரும் பாக்கணும். யாரு குடுத்தான்னு கேக்கும்போது, மூணு தடவை, அவன் தொண்டைக்குள்ள என்ன வருதுன்னு நான் முன் வரிசையில உக்காந்து பாக்கணும். அது முடிஞ்ச கையோட கிறிஸ்மஸ் பாட்டுக்கு லிஸ்ட் வாசிப்பாவ. அவன் பேரு இருக்காது. சேவலோட வீட்டுக்குப் போகட்டும்!

அவன் என்ன சொல்லுவானா? என் பேரைச் சொல்லுவானான்னு கேக்கியா? என்னன்னு நினைக்கே, என்னைத் தவிர வேற எவன் இப்படி ஒரு பரிசு குடுப்பான்? பாத்த உடனே கண்டுபிடிச்சிருவான். ஆனா சொல்ல மாட்டான். தெரியாதுன்னுதான் சொல்லுவான். அவனைத்தான் எனக்குத் தெரியுமே. அதுதாம்மா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இன்னும் எவ்வளவு நேரம்? சூடு வைக்கணுமா? வையி வையி, நல்லா ஒட்டட்டும்.

ஐயரம்மாகூட என்னை ஒருநா பிடிச்சுக்கிட்டாவ. சங்கக் கூட்டம் அவுக வீட்டுல. காப்பியும் வத்தலும் வச்சாவ. அதே வத்தல்தான், நல்லாத்தான் இருந்துது. ‘என் வத்தலைப் பத்தி எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாவ. வாயில வத்தல் கிடக்கு, நான் என்னத்தைச் சொல்ல? ‘சத்தியமா எனக்குத் தெரியாதும்மா’ன்னேன். இன்னொரு கை அள்ளி வச்சாவ. பாவம், நல்ல மனுஷி.

போன வாரம் நடந்ததைக் கேட்டா நீயே திரவியத்தைக் காறித் துப்புவ. அவன் சம்சாரம் ரூபவதி என் வீட்டுக்கு வந்துது. என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும், கல்யாணம் ஆன நாள்ல இருந்து. நடையிலயே நின்னுக்கிட்டு, ‘அண்ணே, இவுக சரியாச் சாப்பிடல. ராகம் இழுக்காத வீடு ஒரு மாதிரி இருக்கு. கிறிஸ்மஸுக்காவது பாடினா மனசு தேறிரும். அந்தக் கடுதாசி எழுதினது யாருன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?’ன்னு கேக்குது. என்னைப் பாத்துக் கேக்குது! அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, இந்தப் பய கட்டின பொண்டாட்டிட்டகூட ஒரு வார்த்தை மூச்சு விடல. எப்படிப்பட்ட அழுத்தக்காரன் பாரு! வீட்டுல அவளைத் தவிக்க விட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கான்.

நான் என்ன சொன்னேனா? என்ன சொல்லுவாவ? ‘எனக்குத் தெரியாதே தங்கச்சி’ன்னேன். காப்பி குடிச்சுட்டுப் போம்மான்னேன். குடிக்காமப் போயிருச்சு.

முடிஞ்சுதா? கொண்டா கொண்டா. அடேயப்பா! என்னமா இருக்கு! கண்ணுல ஒரு வெளிச்சம் தெரியுது பாரு. இப்பக் கூவிரும்போல இருக்கு. கையை வச்சுத் தேய்ச்சாலும் ஒட்டல. நல்ல வேலை செஞ்சிருக்கே தாயி.

அளவா? நாப்பத்திரண்டு. அதெல்லாம் சரியா இருக்கும், எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு. பாடகர் குழுவுக்குச் சட்டை தைக்கும்போது யாராவது ஒருத்தன் போயி அளவு குடுத்தா போதும், டெய்லர் ரெண்டா வெட்டிருவாரு. போட்டுப் பாக்கணுமா? அடிச்சப்புறம் மாத்தித் தர மாட்டீங்களா? சரி, சட்டையைக் கழட்டுதேன், அந்தப் பக்கம் திரும்பிக்கோ. உள்ள பனியன் இருக்கு, பரவாயில்ல.

ம்ம். கை சரியா இருக்கு. தோளு சரியா இருக்கு. வயித்துல பிடிக்கல. நல்ல துணி, உடம்புல உக்காருது. எங்க கண்ணாடி?

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. பெருசா அடிச்சிட்டியோன்னு பாக்கேன். கடையில லைட்டு ஒரு மாதிரி இருக்கு. இவ்வளவு பெருசாவா கேட்டேன்?

நீ என்னம்மா விரலை மடக்கிக்கிட்டு நிக்கே? துணியை எண்ணுதியா? துணி ஒண்ணுதானே. என்ன மூணு? எது மூணு?

ஐயர்ட்டச் சொன்னது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. வாசல்ல நிப்பாட்டிக் கேட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான் வரும். ஐயரம்மாட்ட வாயில வத்தல். அதையெல்லாம் கணக்குல சேக்கக்கூடாது. ரூபவதி வந்தது...

ரூபவதி காப்பி குடிக்காமத்தான் போச்சு.

நடையில செருப்பைத் தேடிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுது. செருப்பு கண்ணு முன்னாலதான் கிடந்துது. நான் எடுத்துக் குடுக்கல. நான் எங்க நின்னேன்? இந்தா, இப்படித்தான், கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அந்தக் கண்ணாடியை அங்கிட்டுத் திருப்பு. சொல்லுதேன்லா, திருப்பு.

கழட்டணும். கழுத்துப் பட்டை கெட்டியா இருக்குன்னு நான்தான் கேட்டேன். இப்பத் தலை வர மாட்டேங்குது. காதுல சிக்கிருச்சு. இழுக்காத, இழுக்காத, படம் போயிரும்.

எம்மா, நான் பேசுறது கேக்கா? உள்ள இருந்து பேசுதேன். இது எனக்கு இருக்கட்டும். இதைப் பெட்டியில கட்டாத, சனிக்கிழமை நான் போட்டுக்கிட்டுப் போகணும். லிஸ்ட் வாசிக்குமுன்ன ஐயர்ட்டப் போயி நிக்கணும். அதே துணியில அதே அளவுல இன்னொண்ணு எடு. சேவல் வேண்டாம். அந்தச் சின்னச் சிலுவை மட்டும் போடு. அதைத்தான் அவன் அஞ்சு மாசமா தூக்கிக்கிட்டு அலையுதான்.

முக்கால் மணி ஆனா ஆவட்டும், நான் எங்கயும் போகல.

இல்லம்மா, தண்ணி வேண்டாம். இழுக்காத, கொஞ்ச நேரம் நான் இதுக்குள்ளயே இருந்துக்கிடுதேன்.